பட்டாவில் இல்லாத பெயர்கள்: மதுரை விமான நிலைய விரிவாக்கத்தில் ஒரு குடும்பத்தின் நிலம்

மதுரை விமான நிலைய விரிவாக்கத்துக்காக நிலம் கொடுத்த ஒரு குடும்பத்தின் கதையை முதல் நோட்டீஸிலிருந்து இழப்பீடு கைக்கு வந்த நாள் வரையிலும், அதன் பிறகு இன்றுவரை தீராமல் இருப்பவை வரையிலும் இங்கே பதிவு செய்கிறேன். பத்திரம் எழுதுவது என் தொழில். அந்த வகையில் இவர்களுக்குத் தொடக்கம் முதல் துணையாக இருந்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும், ஊர்ப் பெயரும், சர்வே எண்ணும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இதில் இல்லை. பெரிய திட்டம் ஒன்று ஊருக்குள் நுழையும்போது, காகிதத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இதன் பொருள்.

பின்னணி: நீளும் ஓடுதளம்

மதுரை விமான நிலையம் 1957-ல் திறக்கப்பட்டது. நகருக்குத் தெற்கே அவனியாபுரத்துக்கும் பெருங்குடிக்கும் பக்கத்தில் இருக்கிறது. நெடுங்காலம் உள்நாட்டு விமானங்கள் மட்டும் வந்துபோன இடம். 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறந்தார்கள். 2012-ல் கொழும்புக்கு விமானம் கிளம்பியது, பிறகு துபாய், சிங்கப்பூர் என்று நீண்டது. 2024 அக்டோபர் 1 முதல் இரவு பகல் 24 மணி நேரமும் இயங்குகிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று சுற்று மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பக்கத்து விமான நிலையம் இதுதான்.

ஆனால் ஓடுதளத்தின் நீளம் 7,500 அடிதான். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களுக்கு இது போதும். எரிபொருளும் ஆட்களும் சரக்கும் நிறைந்த அகன்ற விமானம் ஏற இது போதாது. மதுரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், அப்போது இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும், அதனால் விமானம் இன்னும் அதிக தூரம் ஓடித்தான் மேலே எழ முடியும். சென்னையின் முதன்மை ஓடுதளம் சுமார் 12,000 அடி. 2025 ஜூலையில் புதிய முனையம் கண்ட தூத்துக்குடியில்கூட ஓடுதளம் 3,115 மீட்டர், அதாவது 10,000 அடிக்கு மேல். மதுரையில் அதை 12,500 அடியாக்குவதுதான் திட்டம். இதற்காகச் சுமார் 633 ஏக்கர் குறிக்கப்பட்டது. அயன்பாப்பாகுடி, குசவன்குண்டு, ராமன்குளம், பாப்பானோடை, பெருங்குடி போன்ற ஊர்களின் நிலங்கள் அதில் அடங்கும். ரிங் ரோடு குறுக்கே வருவதால், சாலையை ஓடுதளத்துக்கு அடியில் சுரங்கப்பாதையாகக் கொண்டுபோவது பற்றிப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. அளவை, நோட்டீஸ், விலை நிர்ணயம், இழப்பீடு எல்லாம் கட்டம் கட்டமாக இழுத்தன.

இந்த வட்டாரத்தில் பலரும் கேட்ட ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிட வேண்டும். "ரன்வே நம்ம தோட்டத்துக்கு நேரா வரலியே, பின்ன ஏன் நம்ம நிலம்?" ஓடுதளம் என்பது விமானம் ஓடும் தார்ப்பாதை மட்டுமல்ல. அதன் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 140 மீட்டர் வரை தடைகள் இல்லாத வெற்றுப் பட்டை வேண்டும். ஓடுதளத்தின் முனை தாண்டியும் பாதுகாப்புப் பகுதி வேண்டும். இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் விளக்கு வரிசை அதற்கும் அப்பால் பல நூறு மீட்டர் போகும். எல்லாவற்றையும் வளைத்துச் சுற்றுச்சுவர் வரும். ஆகவே தார் படாத தோட்டமும் சுவருக்குள் போகிறது. இதை முதலிலேயே ஒரு வரைபடத்தோடு ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

நிலமும் குடும்பமும்

மொத்தம் 2 ஏக்கர் 38 சென்ட் புஞ்சை. ஒரு கிணறு, 60 சென்டில் மல்லிகை, மீதியில் மழையை நம்பிய சோளமும் பயறும். வரப்பில் பனைகளும் நாலு வேம்பும். நிலம் வாங்கியவர் 1987-ல் இறந்துவிட்டார், அவர் மனைவியும் பின்னர் இறந்தார். பிள்ளைகள் நான்கு பேர். மூத்த மகன் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டவர், நான் சந்தித்தபோது அறுபதைக் கடந்திருந்தார். இளைய மகன் இறந்துவிட்டார், அவர் மனைவியும் ஒரே மகளும் அவனியாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மூத்த மகள் திருமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். இளைய மகளும் இறந்துவிட்டார், அவர் கணவர் ஊரில், மகன் சிங்கப்பூரில்.

இவர்களைத் தவிர இன்னும் இருவர் உண்டு. மல்லிகைத் தோட்டத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில், பார்த்துவந்த ஒரு கணவனும் மனைவியும். விடிவதற்கு முன் மொட்டுப் பறிப்பது, மார்கழிக் கவாத்து, மருந்து தெளிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பூ விற்ற காசில் பாதி அவர்களுக்கு. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த ஏற்பாடு வாய்மொழியிலேயே நடந்துவந்தது.

முதலில் கண்டவை

மூத்தவர் முதல் நோட்டீஸோடு என்னிடம் வந்தார். அது 1987-ல் இறந்தவரின் பெயருக்கு அனுப்பப்பட்டிருந்தது. அதே சர்வே எண்ணில் பங்காளி ஒருவரின் பெயரும் சேர்ந்திருந்தது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது இரண்டு குடும்பத்து நிலத்தையும் ஒரே கூட்டுப் பட்டாவாகப் போட்டிருக்கிறார்கள். உட்பிரிவு செய்யப்படவில்லை. அதன் பிறகு வரியைக் கட்டினார்களே தவிர, பட்டாவை யாரும் திறந்து பார்க்கவில்லை. இதற்காக இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பட்டாக்கள் இறந்தவர் பெயரில்தான் ஓடுகின்றன.

நோட்டீஸோடு இன்னொரு காகிதமும் அவர் கையில் இருந்தது. ஒரு இடைத்தரகர் தயார்செய்து கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நகல். தங்கைகள் கிளையினரும் தம்பி மனைவியும் ஒரு சிறு தொகை பெற்றுக்கொண்டு தங்கள் பங்கை மூத்தவருக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. "பதிவாபீசுல தடை ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்னு அவசரப்படுத்துறாரு சார்," என்றார். நில எடுப்பில் இருக்கும் நிலத்துக்குப் பத்திரம் பதியக் கூடாது என்ற தடையைத்தான் சொன்னார். பங்கு பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவளுகளுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. இது பூர்வீகச் சொத்து. இதுல பொம்பளப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு?"

மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். தகரப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார்கள். 1961-ம் வருடத்துக் கிரயப் பத்திரம். முத்திரைத் தாளின் மடிப்புகள் கிழிந்து, சில இடங்களில் பூச்சி தின்றிருந்தது. ஆனால் நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, தெளிவாக இருந்தது: கண்மாய்க் கரைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, மற்ற இரண்டு பக்கமும் பங்காளிகள் நிலம். விற்றவர் வேற்று ஆள், இந்த வகையறாவே அல்ல. வாங்கியவர் தன் பெயருக்கு மட்டும் வாங்கியிருந்தார்.

விவகாரம் முழுவதும் இந்த ஒரு காகிதத்தில் நின்றது. பூர்வீகம் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்த நிலம், உண்மையில் தகப்பனார் கிரயம் பெற்ற நிலம். அவர் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்போதே மனைவிக்கும், ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டின் 1989 திருத்தமோ, 2005 மத்தியத் திருத்தமோ, 2020-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போ இதற்குத் தேவையே இல்லை. அவையெல்லாம் பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கைப் பற்றியவை. தாயாரும் போன பிறகு நான்கு கிளைக்கும் கால் கால் பங்கு. இதை மூத்தவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. கோபம் என் மேல்தான் திரும்பும் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப முப்பது வருஷமா நான் வெட்டுன கிணறுக்கு, போட்ட குழாய்க்கு என்ன கணக்கு?"

நியாயமான கேள்வி. பின்னால் எடுத்த முடிவுக்கு இந்தக் கேள்விதான் வழிகாட்டியது.

தோட்டத்தில் பார்த்தவை

அடுத்து நிலத்துக்குப் போனோம். பனைமரங்களில் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து போயிருந்தார்கள். மல்லிகைப் பாத்தியில் மட்டும் எந்த அடையாளமும் இல்லை. மரத்தை எண்ணிய பணியாளர் மல்லிகையைச் செடி என்று விட்டுவிட்டாரா, தோட்டக்கலைத் துறையினர் தனியாக வருவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கான அடங்கலை வாங்கிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கடைசி சில பசலிகளில் (வருவாய்க் கணக்கு ஆண்டுகளில்) அந்த சர்வே எண் முழுவதும் ஒரே வரியில் சோளம் என்று இருந்தது. ஒரு பசலியில் தரிசு. பூத்து நிற்கும் 60 சென்ட் மல்லிகை கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாத பயிருக்கு மதிப்பீடு வராது. மல்லிகை ஒரு போக வெள்ளாமை அல்ல. நட்டு இரண்டாம் ஆண்டுக்கு மேல்தான் நல்ல மகசூலைத் தொடும், ஒழுங்காகப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் தரும். அதைச் சோளத்தோடு ஒன்றாகக் கணக்கிட்டால், வாரத்துக்குப் பார்க்கிறவர் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லைக்கல்லை வைத்துப் பார்த்தால் எடுக்கப்படுவது 1 ஏக்கர் 96 சென்ட். தென்பக்கம் 42 சென்ட் வெளியே நிற்கிறது. ஆனால் அந்த 42 சென்டுக்குப் போகும் வண்டிப்பாதை, சுவர் வரப்போகும் இடத்துக்குள் இருக்கிறது. பட்டாவில் நிலம் அவர்களுடையதாகவே இருக்கும், ஆனால் அங்கே போக வழி இருக்காது.

விடுதலைப் பத்திரம் வேண்டாம் என்ற முடிவு

தரகர் சொன்ன வழியை விட்டுவிடச் சொன்னேன். சட்டமும் நியாயமும் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையிலேயே அது நிற்காது. சிங்கப்பூரிலிருக்கும் பையன் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் (தூதரகத்தில்) சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். அதற்கு இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அவசரத்தில் அவனை விட்டுவிட்டு மற்றவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், ஒரு கிளை வெளியே நிற்கும். அந்தக் கிளை ஒரு ஆட்சேப மனு கொடுத்தால் போதும். பங்கில் தகராறு என்று எழுதி, மொத்தத் தொகையும் தீர்ப்பு வரும்வரை டெபாசிட்டில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த பணத்துக்காகக் கோர்ட் வாசலில் பேரன் காலம் வரை அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பாகப்பிரிவினைப் பத்திரமும் இப்போது பயனில்லை. பதியப் போகும்போது தடை ஏறிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். பதியாமல் வெள்ளைத்தாளில் எழுதிய பாகப்பிரிவினை நாளைக்குச் சாட்சியாக நிற்காது. ஆகவே பத்திரமே எழுதுவதில்லை, வாரிசுகள் எல்லோரும் ஒரே நாளில் நில எடுப்பு அதிகாரி முன் போய், இன்னார்க்கு இவ்வளவு என்று தனித்தனியாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்பது அதன் முக்கிய வாசகம்.

அதற்கு முன் குடும்பத்துக்குள் சமாதானம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மூத்த தங்கை முதலில் சொன்னது இது: "அண்ணே, நீ குடுன்னு நான் கேக்கல. ஆனா என்னக் கேக்காம எழுதி வச்சுட்டு கைநாட்டு வையின்னு கூப்புட்டியே, அதுதான் மனசு விட்டுப் போச்சு." பக்கத்தில் தம்பி மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள்தான் பேசினாள், அமைதியாக, ஆனால் தெளிவாக. தன் அப்பா பங்கு வந்தால் அம்மாவுக்கு ஒரு சொந்த வீடு என்றாள்.

மூத்தவரின் கேள்வியை அங்கே நான் எடுத்து வைத்தேன். நிலத்தின் விலை வேறு, நிலத்தின் மேல் ஒருவர் போட்ட உழைப்பும் பணமும் வேறு. இழப்பீட்டுக் கணக்கிலும் அவை தனித்தனி வரிகளாகவே வரும்: நிலம், கிணறு, மரம், பயிர். நிலத்துக்கான தொகை நான்கு கிளைக்கும் சமமாக. கிணறு, சொட்டுநீர்க் குழாய்க்கான தொகை முழுதும் மூத்தவருக்கு. கிணற்றை ஆழப்படுத்தக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வாங்கிய கடனின் ரசீதுகள் அவரிடமே இருந்தன. மல்லிகைக்கான தொகையில் பாதி மூத்தவருக்கு, பாதி வாரத்துக்குப் பார்த்தவருக்கு. மரம் நான்கு கிளைக்கும் பொது.

கடைசி விஷயத்துக்குத்தான் நேரம் பிடித்தது. வாரத்துக்குப் பார்த்தவர் வாரிசு இல்லையே என்றார்கள். 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக நிலத்தில் உழைக்கும் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது என்று விளக்கினேன். ஆனால் தீர்த்து வைத்தது சட்டம் அல்ல. மூத்தவரின் மனைவி குறுக்கிட்டு, "அந்தப் பிள்ள கை படாம ஒரு பூ வந்திருக்குமா?" என்றார். அதற்கு மேல் யாரும் மறுக்கவில்லை.

அடங்கலும் வாரிசுச் சான்றும்

பிறகு நடந்தவை அலுவலக வேலைகள். இறப்புப் பதிவு இல்லாத தகப்பனாரின் மரணத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வாங்கிப் பதிய வேண்டியிருந்தது. நான்கு வாரிசுச் சான்றுகள். ஒரு காகிதத்தில் "அம்மாள்" ஒட்டிய பெயரும் ஆதாரில் ஒட்டாத பெயரும் ஒருவருடையதுதான் என்று ஒரு சான்று. மூத்த தங்கையின் பழைய வங்கிக் கணக்கு அவர் மகனோடு கூட்டுக் கணக்கு, அதனால் தனிக் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னேன். பங்காளி வீட்டாரும் ஒத்துழைத்ததால் சர்வேயர் வந்து உட்பிரிவு போட்டு, கூட்டுப் பட்டா பிரிந்தது. புதிய பட்டாவில் நிலம் பார்த்த ஆணின் பெயரோடு தங்கைகள் கிளையின் பெயர்களும், மருமகளின் பெயரும், பேத்தியின் பெயரும் முதன்முறையாக ஏறின.

அடங்கல் விஷயம் சுலபமாக முடியவில்லை. முன்னாள் பசலிகளை இப்போது திருத்த முடியாது என்றார்கள், அது முறையும்தான். எனவே வேறு ஆதாரம் தேடினோம். சொட்டுநீர்ப் பாசனம் போட மூத்தவர் சிறு விவசாயி என்ற முறையில் 100 சதவீத மானியம் பெற்றிருந்தார். அந்தக் கோப்பில் அந்த ஆண்டு அடங்கல் நகல் இருந்தது, அதில் மல்லிகை 60 சென்ட் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்டிருந்தார். கள ஆய்வு செய்த தோட்டக்கலை அலுவலரின் குறிப்பும் இருந்தது. அந்தக் கோப்பின் நகலோடு, பயிர் நிற்கும் நிலையிலேயே நேரில் வந்து மதிப்பிடக் கோரி மனு கொடுத்தோம். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்தார்கள். செடிகளை வரிசை வரிசையாக எண்ணினார்கள், வயதையும் குறித்தார்கள். வாரத்துக்குப் பார்த்தவர் அன்று வேலையை விட்டுவிட்டு அவர்கள் கூடவே நடந்தார்.

விசாரணை

விசாரணை நாளில் சிங்கப்பூர் பையனின் அதிகாரப் பத்திரம் கையில் இருந்தது, அவன் தகப்பனார் நேரில் வந்திருந்தார். வாக்குமூலங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவாயின. மூத்த தங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டும்படி கேட்டோம், அதிகாரியும் மறுக்காமல் வாசிக்கச் செய்தார். கைநாட்டு வைப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்டார்: "ஏன் பங்கு ஏன் கணக்குலதான சார் வரும்?" ஆம் என்ற பதில் கிடைத்த பிறகே விரலை மையில் வைத்தார்.

விலை பற்றிய ஆட்சேபத்தை அன்றே எழுத்தில் கொடுத்தோம். 2013 சட்டத்தின் கணக்கு முறைப்படி, சுற்று வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடுதலான பாதியை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள், அரசு வழிகாட்டி மதிப்போடு ஒப்பிட்டு எது அதிகமோ அதை வைப்பார்கள். அதன் மேல் ஊரகப் பெருக்கல் காரணியும், 100 சதவீத ஆறுதல் தொகையும். முறையில் பிழை இல்லை, பிழை இருப்பது பத்திரங்களில். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, உண்மை விலையில் ஒரு பகுதியை மட்டும் காட்டிப் பதிவது இந்தப் பக்கத்தில் ஊறிப்போன வழக்கம். அந்தக் குறைந்த விலைகளே பிறகு இழப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன. விற்றவரும் வாங்கியவரும் அன்று மிச்சம் பிடித்தது, நிலத்தை விற்கவே நினைக்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கு நட்டமாக வந்து சேர்கிறது. நான் பத்திரம் எழுதுகிறவன், இதை அழுத்திச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது: உண்மை விலையைப் போட்டுப் பதியுங்கள்.

பிறகு நடந்தது

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தொகை நான்கு கிளைக்கும் தனித்தனியாக வரவானது. எல்லோரும் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியே பெற்றார்கள். அப்படி எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். கூடுதல் தொகைக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மூத்தவர் காரியாபட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினார். தண்ணீர் அங்கே ஆழத்தில், மல்லிகைக்கு ஒத்துவருமா என்று இன்னும் சந்தேகம்தான். அவரும் மூத்த தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், விசேஷங்களுக்குப் போய்வருகிறார்கள், ஆனால் பழைய நெருக்கம் இல்லை. கூட்டி வைத்த பஞ்சாயத்தால் வந்த சமாதானத்துக்கு ஒரு அளவு உண்டு. தம்பி மனைவியும் மகளும் அவனியாபுரத்தைத் தாண்டி இரண்டு அறை கொண்ட வீடு வாங்கிவிட்டார்கள், பத்திரத்தை இருவர் பெயரிலும் எழுதினேன். சிங்கப்பூர் பையன் தன் பாதியை அப்பாவிடமே விட்டுவிட்டான்.

வெளியே நின்ற 42 சென்ட் அப்படியே நிற்கிறது. சுவர் வந்துவிட்டது, வண்டிப்பாதை போய்விட்டது. விமானம் இறங்கும் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால், கட்டடம் கட்டுவதென்றால் விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதியும் வேண்டும். அந்த நிலத்தை விலைக்கு வாங்க ஆள் இல்லை. அந்தத் துண்டையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் கண்மாய்க் கரை வழியாகப் பாதை விடுங்கள் என்று கொடுத்த மனுவுக்கு இதுவரை முடிவு வரவில்லை.

வாரத்துக்குப் பார்த்தவர்களுக்குப் பயிர்த் தொகையில் பாதியை மூத்தவர் சொன்னபடி கொடுத்தார். ஆனால் வேலை போனது போனதுதான். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். மனைவி வலையங்குளம் பக்கம் கூலிக்குப் பூப் பறிக்கிறார்.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

இந்தக் குடும்பம் தப்பியது காலத்தோடு வந்ததால் மட்டுமே. நோட்டீஸுக்கும் நிலம் அரசு வசமாகும் உத்தரவுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தார்கள். அதற்குப் பிறகு வந்திருந்தால் பட்டா மாற்றமே முடிந்திருக்காது. திட்டம் என்ற பேச்சு ஊரில் அடிபடும் அன்றே பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் நான்கையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வருடந்தோறும் வரும் ஜமாபந்தியில் (தாலுகா அலுவலகத்தில் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கையில்) வாரிசுப் பட்டா மனு கொடுக்கலாம். பெண் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் பிறகு விட்டுக்கொடுக்க நினைத்தால், தங்கள் பெயரில் இருப்பதை விட்டுக்கொடுக்கட்டும்.

அரசுத் தரப்பில் மாற வேண்டியது எளிமையானது, செலவும் இல்லாதது. இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், அந்த ஊரில் வாரிசுப் பட்டா முகாம் ஒன்று நடத்தினால் பெரும்பாலான பங்குத் தகராறுகள் வரவே வராது. மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் அடங்கலை மட்டும் நம்பாமல் நிற்கும் பயிரைப் பார்க்க வேண்டும். பாதை அறுந்துபோகும் மிச்சத் துண்டுகளை அளவைக் கட்டத்திலேயே கண்டுபிடித்து, சேர்த்து எடுப்பதா பாதை விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டுமனை விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் மறுகுடியமர்வு கேட்டுப் போராடியதும், விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனதும் எல்லோரும் அறிந்ததே. தோட்டம் போனால் வேறு தோட்டம் தேடலாம். ஊரே எழுந்து போக வேண்டும் என்றால், போய்ச் சேரும் இடத்தை முதலில் காட்டியாக வேண்டும்.

வாரக்காரர்களுக்கு வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. நிலத்துக்காரர், பதிந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார். வாரக்காரர், கேட்டால் நிலத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்தக் கணவனும் மனைவியும் இப்போது வேறொருவரின் 40 சென்ட் மல்லிகையை வாரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். நிலத்துக்காரரையும் அழைத்துவரச் சொல்லி, இரண்டு பேர் பயத்தையும் கேட்டு, என்ன எழுதினால் யாருக்கு என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதிவுக்கு அவர் சம்மதிக்காவிட்டாலும், ஒவ்வொரு பசலியிலும் அடங்கலில் மல்லிகை என்று ஏற்றவாவது அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன், இந்த ஜமாபந்தியில் கொடுக்கப்போகிறோம்.